ராமநாதபுரம் கடலை வைத்து ஒரு ஜாஸ் ஆல்பம்: பாட்டுக்குள் கடல் எப்படி வர வேண்டும்?

உப்புக்காத்து (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். நான் ஜாஸ் பாடுகிறவள். சொந்த ஊர் மண்டபம், பிழைப்பு சென்னையில். முதல் முழு ஆல்பத்துக்கான வேலையில் இறங்கியிருக்கிறேன். பத்துப் பாட்டைப் பொறுக்கி அடுக்குவதாக இல்லாமல், எல்லாப் பாட்டும் ஒரே கருவிலிருந்து வர வேண்டும் என்று ஆசை. கரு நம் கடல்தான். தொண்டி, தேவிபட்டினத்தில் தொடங்கி, பாம்பன் தாண்டி, தனுஷ்கோடி முனையைச் சுற்றிக்கொண்டு கீழக்கரை, மூக்கையூர் வரைக்கும்.

எல்.பி. தட்டாகவும் கொண்டுவர நினைக்கிறேன். தட்டுக்கு இரண்டு பக்கம், பக்கத்துக்கு இருபது நிமிடம் சொச்சம். நமக்கும் கடல் இரண்டு. முதல் பக்கம் வடகடலுக்கு (பாக் விரிகுடா), மறுபக்கம் தென்கடலுக்கு (மன்னார் வளைகுடா). ஊரில் வடகடலைப் பெண் கடல், தென்கடலை ஆண் கடல் என்று சொல்வார்கள் அல்லவா, அதன்படி ஒரு பக்கம் அமைதியாகவும் ஒரு பக்கம் ஆவேசமாகவும் வைக்கலாமா என்று யோசிக்கிறேன்.

பாட்டு தமிழில்தான். குரலோடு டபுள் பேஸ், டிரம்ஸ், பியானோ, இவ்வளவே. பேசிப் பார்த்த ஸ்டுடியோ ஒன்றில், "ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் கொஞ்சம் அலைச் சத்தம் போட்டுவிடலாம், எங்களிடமே ரெடியாக இருக்கிறது" என்றார்கள். எந்தக் கடலோ, எந்த நாட்டு அலையோ. மனசு ஒப்பவில்லை. ஆனால் கடல் சத்தமே இல்லாமல் கடலைப் பற்றி ஓர் ஆல்பம் சரியாக வருமா என்றும் சந்தேகம். ஜாஸ் தெரிந்தவர்களும் கடல் தெரிந்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள். சொல்லுங்கள்.

---

பரமக்குடி_ரிக்கார்டு

நல்ல காரியம். வரலாறு கொஞ்சம் சொல்கிறேன், உங்களுக்குப் பயன்படும்.

ஜாஸை ஒட்டிய பாடகர்களில் இயற்கையைக் கருவாக வைத்தவர்களைத் தேடினால் முதலில் கைக்கு வருவது 1966-ல் ஃபிராங்க் சினாட்ரா வெளியிட்ட 'மூன்லைட் சினாட்ரா'. இசைக்கோப்பு நெல்சன் ரிடில். பத்துப் பாட்டு, பத்தும் நிலாவைப் பற்றியவை. குரலைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதில் நிலா, பாட்டின் வரிகளில் மட்டும்தான் இருக்கிறது. நிலாவை எடுத்துவிட்டு மழை என்று வைத்திருந்தாலும் அந்த இசை அப்படியேதான் இருந்திருக்கும்.

இதற்கு நேர் எதிராக ஒன்று. 1965-ல் ஹெர்பி ஹான்காக் செய்த 'மெய்டன் வாயேஜ்', அதாவது கப்பலின் முதல் பயணம். ஐந்து உருப்படி, குரலே கிடையாது. தலைப்புப் பாட்டைக் கேளுங்கள். நான்கு பாருக்கு (தாளச் சுற்றுக்கு) ஒரே கார்டில், அதாவது சேர்த்து ஒலிக்கிற ஒரே சுரக் கூட்டில் நிற்கும், அப்புறம் இன்னொரு கார்டுக்கு நகர்ந்து அங்கே நான்கு பார் நிற்கும். எல்லாமே சஸ் கார்டு, அதாவது மூன்றாவது சுரத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நான்காவதை வைப்பது. அதனால் இது சந்தோஷமா சோகமா என்று காது முடிவு கட்ட முடியாது. கரை சேராமலே மிதந்துகொண்டிருக்கும். அலைச் சத்தம் ஒரு துளி கிடையாது, ஆனால் முதல் பாரிலேயே கடலுக்குள் இருக்கிறோம்.

டியூக் எலிங்டனின் 'குயின்ஸ் சூட்' இன்னொரு உதாரணம். ஃபுளோரிடாவில் காதில் விழுந்த ஒரு பறவையின் குரல்தான் அதன் முதல் பகுதிக்கு விதை. 1959-ல் பதிவு செய்து, ஒரே ஒரு தட்டு அடித்து இங்கிலாந்து ராணிக்கு அனுப்பினார். மற்றவர்களுக்குக் கேட்கக் கிடைத்தது 1976-ல், அவர் இறந்த பிறகு. அங்கேயும் பறவைச் சத்தத்தைப் பதிந்து போடவில்லை. பறவை பாடியதிலிருந்து மெட்டை எடுத்தார்.

என் கட்சி இதுதான்: கடல் வரிகளில் இருந்தால் போதாது, பாட்டின் உருவத்தை அது மாற்ற வேண்டும். அலைச் சத்தம் வேண்டாம்.

---

ஒலிப்பதிவு_மதுரை

பரமக்குடி அண்ணன் சொன்னதைத் தொழில் பக்கமிருந்து பார்க்கிறேன்.

அலைச் சத்தம் என்பது அடி முதல் உச்சி வரை எல்லா அலைவரிசையிலும் பரவி நிற்கிற இரைச்சல். டிரம்மர் பிரஷ்ஷால் ஸ்னேர் டிரம்மை வருடும் சத்தமும், சிம்பலின் நீண்ட வாலும், பாடகியின் மூச்சும், 'ச', 'ஸ' எழுத்துகளும் இருப்பது அதே இடம். அலையை மேலே போட்டால் இவை நான்கும் அமுங்கிவிடும். ஜாஸ் குரலில் பாதி அழகு அந்த மூச்சில்தான் இருக்கிறது. அதை மூடிவிட்டுக் கடலைக் கொண்டுவருவதில் என்ன லாபம்?

ஆனாலும் நான் முழுக்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். தண்ணீருக்குள் இறக்குகிற மைக் ஒன்று இருக்கிறது, ஹைட்ரோஃபோன். மன்னார் வளைகுடாவில் பவளப்பாறை உள்ள பக்கம் அதை இறக்கினால் எண்ணெய்ச் சட்டியில் கடுகு பொரிகிற மாதிரி விடாமல் ஒரு சடசடப்பு கேட்கும். விரல் நீளம்கூட இல்லாத ஒரு வகை இறால், ஒரு கொடுக்கை அத்தனை வேகமாகச் சொடுக்குகிறது. அதில் ஒரு குமிழி உண்டாகி உடையும். அந்தச் சத்தம்தான் அது. ஆயிரக்கணக்கில் சேர்ந்து செய்யும்போது கடலே சடசடக்கிறது. கரையில் நிற்பவர் காதுக்கு அது எட்டவே எட்டாது. இப்படி ஒன்றைத் தனியாக, பாட்டே இல்லாத ஒரு இடைவெளியில் அரை நிமிடம் வைத்தால் அதற்கு ஓர் அர்த்தம் உண்டு. டிரம்மர் அதைக் கேட்டுவிட்டு ஸ்னேரின் விளிம்பில் குச்சி நுனியால் வாசித்தால் இன்னும் விசேஷம்.

ஒரு எச்சரிக்கை. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையில் உள்ள 21 தீவுகளும் 1986 முதல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே மைக்கோடு போய் நிற்காதீர்கள்.

---

தங்கச்சிமடம்_நாட்டுப்படகு

தங்கச்சி, ஜாஸ் எனக்குத் தெரியாது. நீங்கள் சொன்ன பாட்டுகளை யூடியூபில் கேட்டேன், அந்தக் கப்பல் பாட்டு பிடித்திருந்தது. ஆனால் கடல் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும்.

பெண் கடல் அமைதி, ஆண் கடல் ஆவேசம் என்பது தனுஷ்கோடிக்கு வருகிற சுற்றுலாக்காரர்களுக்குச் சொல்லி ஓய்ந்த பேச்சு. வருஷம் முழுக்க அப்படி இல்லை. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசுகிற காலத்தில், வைகாசியிலிருந்து ஆவணி வரை என்று வைத்துக்கொள்ளுங்கள், தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம்போல் கிடக்கும். ஐப்பசிக்கு மேல் வாடை திரும்பிவிட்டால் கதை மாறிப்போகும். வடகடலில் படகு நிற்காது, தென்கடல் படிந்து கிடக்கும். எங்களில் பல பேர் காற்றைப் பார்த்துத்தான் படகை இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் மாற்றிக் கட்டுகிறோம். கோபம் கடலில் இல்லை, காற்றில் இருக்கிறது. இதை விட்டுவிட்டுப் பாட்டு கட்டினால் எங்கள் ஆட்கள் கேட்டுவிட்டு, இது எந்த ஊர்க் கடல் என்று கேட்பார்கள்.

---

உப்புக்காத்து

அண்ணே, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு இரவு தூக்கமே வரவில்லை. ஆல்பத்தின் கதவு இதில்தான் திறந்தது.

இப்போது தோன்றுவது இப்படி. இரண்டு பக்கத்திலும் ஒரே மெட்டு. முதல் பக்கத்தில் அது கச்சானில் வரும்: குரல் அமைதியாக, கிட்டத்தட்ட ஒரே சுரத்தில் நிற்கும், அடியில் பேஸும் டிரம்ஸும் கொந்தளிக்கும். மறுபக்கத்தில் அதே மெட்டு வாடையில் வரும்: பேஸ் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு படிந்து கிடக்கும், குரல் கிளம்பி அலையும். இரண்டு பக்கத்திலும் பேஸ் தென்கடல், குரல் வடகடல். காற்று மாறினாலும் ஆட்கள் மாறுவதில்லை, யாரிடம் கொந்தளிப்பு இருக்கிறது என்பது மட்டும் மாறும்.

இதைக் கேட்பவருக்குச் சொல்லித்தான் ஆக வேண்டுமா, அல்லது கேட்கும்போதே பிடிபடுமா?

---

பரமக்குடி_ரிக்கார்டு

பிடிபடும். அதற்கு ஒரு வழி: அந்த இரண்டு பாட்டிலும் பியானோவையும், முடிந்தால் டிரம்ஸையும்கூட எடுத்துவிடுங்கள். குரலும் பேஸும் மட்டும். ஷீலா ஜோர்டன் என்ற பாடகி இந்த வடிவத்தைத் தன் வாழ்நாள் வேலையாக வைத்திருந்தார். 1962-ல் பதிவான முதல் ஆல்பத்திலேயே பேஸை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பாட்டு பாடியிருக்கிறார். பியானோ இல்லாவிட்டால் குரலுக்குப் பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. பாடுகிறவரின் சுருதி சுத்தம் அம்பலத்துக்கு வந்துவிடும். ஆனால் யார் அலைகிறார், யார் நிற்கிறார் என்பது குழந்தைக்கும் கேட்கும்.

தமிழ் ஜாஸுக்கு ஒட்டுமா என்று யாராவது கேட்டால் கலங்காதீர்கள். கானவ்யா என்ற பாடகி 2018-லேயே ஜாஸ் ஸ்டாண்டர்டுகளை, அதாவது ஜாஸ்காரர்கள் எல்லோரும் எடுத்துப் பாடுகிற பாட்டுகளைத் தமிழில் பாடி ஆல்பம் போட்டுவிட்டார். நம் சொற்கள் க, ச, த, ப போன்ற வல்லின மெய்யில் முடிவதில்லை. கடைசி எழுத்தை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இழுத்துப் பிடிக்கலாம். பாடகிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

---

ஓதுவார்_பேரன்

இந்த இழையைத் தொடர்ந்து படித்து வருகிறேன். பண் பக்கத்திலிருந்து ஒரு செய்தி சொல்லலாம் என்று வந்தேன்.

நெய்தல் நிலத்துக்கு உரிப்பொருள் இரங்கல், பொழுது எற்பாடு, யாழ் விளரி, பண் செவ்வழி. இது பள்ளியில் எல்லோரும் படித்ததுதான். தேவாரம் பாடுகிற மரபில் செவ்வழிப் பண்ணை இன்று யதுகுலகாம்போதியில் பாடுகிறார்கள். சங்க காலச் செவ்வழியும் இதுவும் ஒன்றுதானா என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. அது கிடக்கட்டும். ஓதுவார் வாயில் இன்று உயிரோடு இருப்பது இது.

யதுகுலகாம்போதி, அரிகாம்போதியின் சேய் ராகம். ஏறும்போது ச ரி ம ப த ச, காந்தாரம் கிடையாது, நிஷாதமும் கிடையாது. இறங்கும்போதுதான் ச நி த ப ம க ரி ச என்று இரண்டும் வந்து சேரும்.

பரமக்குடிக்காரர் முதலில் எழுதினாரே, மூன்றாவது சுரத்தை எடுத்துவிட்டு நான்காவதை வைக்கிற கார்டு என்று. மூன்றாவது என்றால் காந்தாரம், நான்காவது மத்தியமம். நெய்தல் பண் மேலே ஏறும்போது செய்வதும் அதையேதான். அதற்கு மேல் சொல்ல எனக்கு மேற்கத்திய இசை தெரியாது. தெரிந்தவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

பரமக்குடி_ரிக்கார்டு

ஐயா, உங்கள் பதிவைப் படித்துவிட்டுக் கீபோர்டுக்கு ஓடினேன்.

அரிகாம்போதியைத்தான் அவர்கள் மிக்சோலிடியன் என்கிறார்கள். சஸ் கார்டின் மேல் ஜாஸ்காரர்கள் அதிகம் வாசிக்கிற ஸ்கேல் அதுதான். ஆகவே இடது கையில் ஸ சஸ் கார்டைப் பிடித்துக்கொண்டு வலது கையில் யதுகுலகாம்போதி வாசித்தால் எந்தச் சுரமும் முரண்டு பிடிப்பதில்லை. ஏறும்போது காந்தாரம் இல்லாததால் கார்டு தொங்கிக்கொண்டே இருக்கிறது. இறங்கும்போது காந்தாரத்தைத் தொட்ட அந்த ஒரு கணம் நெஞ்சைப் பிசைகிறது. இத்தனை நேரம் தள்ளி வைத்திருந்த சுரம் அல்லவா.

உப்புக்காத்து, இரங்கலை நீங்கள் வரிகளில் எழுதவே வேண்டாம். மெட்டு ஏறும்போதெல்லாம் காந்தாரத்தை விடுங்கள். இறங்கும்போது எந்தச் சொல்லின் மேல் அதை வைப்பது என்று மட்டும் முடிவு செய்யுங்கள். ஆனால் யதுகுலகாம்போதியை ராகமாகப் பாடாதீர்கள். கமகத்தோடு பாடினால் அது கச்சேரி ஆகிவிடும், பேஸ் வாசிப்பவர் ஒதுங்கி நிற்க வேண்டி வரும்.

---

உப்புக்காத்து

ஓதுவார் ஐயாவுக்கு நன்றி சொல்ல வார்த்தை இல்லை. பாடிப் பார்த்தேன். காந்தாரத்தில் வைக்க வேண்டிய சொல் எது என்றும் கிடைத்துவிட்டது, அதை ஆல்பத்தில் கேளுங்கள்.

---

சின்னப்பாலம்_மகள்

அக்கா, எங்கள் அம்மா பாசி எடுக்கப் போகிறவர். நீங்கள் கடலைப் பாடுகிறீர்கள் என்றால் பாசிக்காரப் பெண்களை விட்டுவிடாதீர்கள். ஆனால் எல்லோரும் எழுதுகிற மாதிரி "ஐயோ பாவம்" என்று பாடிவிடாதீர்கள்.

எப்படிப் போவார்கள் என்று சொல்கிறேன். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்தான் போவார்கள், மாதம் முழுக்கப் போக மாட்டார்கள். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி. பாறையில் விரல் கிழியாமல் இருக்க ஒவ்வொரு விரலுக்கும் துணிக் கீற்றைச் சுற்றிக் கட்டுவார்கள். அந்தக் கட்டைப் பல்லால் கடித்து இறுக்குவார் அம்மா. இடுப்பில் வலைப்பை. முங்கினால் மரிக்கொழுந்துப் பாசியைப் பாறையிலிருந்து பிய்த்துப் பையில் போட்டுக்கொண்டு, மூச்சு முட்டும் நேரத்தில் மேலே வருவார்கள். வந்ததும் வாயைக் குவித்து மூச்சை விடுகிற சத்தம் ஒன்று இருக்கிறது, விசில் மாதிரி. இருட்டோடு வள்ளத்தில் போய் பத்துப் பதினைந்து பேர் அங்கங்கே எழும்போது அந்தச் சத்தம் மாற்றி மாற்றிக் கேட்கும். யார் மேலே வந்துவிட்டார், யார் இன்னும் வரவில்லை என்று பார்க்காமலே தெரியும் என்று அம்மா சொல்வார்.

பாட்டில் இதை வைக்க முடியுமா அக்கா?

---

உப்புக்காத்து

கண்டிப்பாக முடியும் தங்கம். பாடகிகள் மூச்சை ஒளித்து வைக்கத்தான் பழகுகிறோம். எங்கே எடுத்தோம் என்று யாருக்கும் தெரியக் கூடாது. இந்தப் பாட்டில் அதைத் தலைகீழாகச் செய்யலாம். ஒவ்வொரு வரியும் ஒரே மூச்சு, மூச்சு எவ்வளவு தாங்குமோ அவ்வளவு நீளம். பாருக்குள் வரியை அடக்குவதில்லை. மூச்சு முடிகிற இடத்தில்தான் வரி முடியும், டிரம்மர் எனக்காகக் காத்திருப்பார். வரி முடிந்ததும் அந்த விசில் மூச்சு மைக்கில் முழுசாகக் கேட்கும். ஒரு குரல் போதாது, நான்கைந்து பெண் குரல் வேண்டும். உங்கள் அம்மாவும் கூட்டாளிகளும் சம்மதித்தால் அவர்களே வரட்டும். சென்னைப் பாடகிகளுக்குக் கொடுக்கிற அதே சம்பளம், தட்டில் அவர்கள் சொல்கிறபடி பெயர்.

---

கீழக்கரை_வாசகன்

எங்கள் ஊர்ப் பக்கம் சங்கு குளிப்பவர்களுக்கும் இதே மூச்சுக் கணக்குதான். வாப்பாவின் கூட்டாளிகள் சிலர் குளியாட்கள். பாசிப் பாட்டிலேயே அவர்களையும் சேர்த்துவிடலாம், தனிப் பாட்டு தேவையில்லை.

நான் கேட்க வந்தது வேறு. தனுஷ்கோடி வரைக்கும் போகிறீர்கள். 1964 டிசம்பர் 22 இரவைப் பாடப் போகிறீர்களா? புயல், மூழ்கிய ரயில் என்று எத்தனையோ பேர் எடுத்தாகிவிட்டது. இடிந்த சர்ச்சின் முன்னால் நின்று ஃபோட்டோ எடுப்பது ஒரு வியாபாரமாகவே ஆகிவிட்டது. உறவைப் பறிகொடுத்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். டிரம்ஸை அடித்து நொறுக்கி அந்தப் புயலைக் காட்டினால் எனக்கு ஒப்பாது.

---

தங்கச்சிமடம்_நாட்டுப்படகு

இதில் எனக்கு மாற்றுக் கருத்து. பாடாமல் விட்டால் புதுப்பிள்ளைகளுக்கு அது ஒரு பாழடைந்த இடம், அவ்வளவுதான். பாடலாம். ஆனால் புயலைப் பாட வேண்டாம், ஊரைப் பாடுங்கள். ரயிலும் கப்பலும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்ற ஊர் அது. ராத்திரி ரயிலில் வந்து இறங்கி, தலைமன்னார் கப்பல் ஏறிப் போனவர்கள் இருந்தார்கள். அஞ்சலகம், பள்ளிக்கூடம், சுங்க அலுவலகம் எல்லாம் இருந்தது. அதைப் பாடினால் போனது என்ன என்று தானாகத் தெரியும்.

---

உப்புக்காத்து

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தனுஷ்கோடிக்கு ஒரு பாட்டு இருக்கும், ஸ்விங் என்கிற துள்ளல் நடையில், நல்ல ஓட்டமான ஒன்று. சந்தை நாள் மாதிரி, இறங்கு, ஏறு, கூலி, டிக்கெட் என்று ஊர் இயங்குகிற பாட்டு. கடைசிச் சரணம் மட்டும் பாடப்படாது. இசைக்குழு அந்தச் சரணத்தின் கார்டுகளை அப்படியே வாசிக்கும், குரல் இருக்காது. புயல் என்ற சொல் பாட்டில் எங்கேயும் வராது.

அப்புறம் இன்னொரு கேள்வி, கடல் அண்ணனுக்கு. கரைவலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டு. ஒருவர் முதலில் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் 'ஏலேலோ' என்று வாங்குகிற முறை. ஜாஸின் வேரும் அதேதான், அமெரிக்காவில் கறுப்பின மக்கள் வேலை செய்துகொண்டே ஒருவர் கொடுக்க மற்றவர் வாங்கிப் பாடிய பாட்டு. ஜாஸில் சொல் இல்லாமல் வெறும் அசைகளால் பாடுகிற ஸ்கேட் பாடும்போது 'டூ பா டா' என்று அவர்கள் அசையை வைத்துக்கொண்டு பாடுவதை விட, நம் அம்பா அசைகளில் பாடலாம் என்று இருக்கிறேன். தவறாகப் படுமா?

---

தங்கச்சிமடம்_நாட்டுப்படகு

தவறு ஒன்றும் இல்லை. அசை எல்லோருக்கும் பொது. ஆனால் முழுப் பாட்டை எடுத்துத் தன் பெயரில் போட்டுக்கொள்வது தவறு, அப்படி நடந்திருக்கிறது. ஒன்று மட்டும் கவனியுங்கள். அம்பாவின் தாளம் தாளக்காரன் வைத்தது கிடையாது, கயிறு வைத்தது. வலையில் மீன் கனத்தால் இழுப்பு மெதுவாகும், பாட்டும் மெதுவாகும். வலையின் மடி கரையை நெருங்க நெருங்க வேகம் பிடிக்கும். உட்கார்ந்துகொண்டு பாடினால் எங்கள் பெரியவர்களுக்கே பாட்டு வராது, கையில் கயிறு வேண்டும் என்பார்கள்.

---

ஒலிப்பதிவு_மதுரை

அப்படியானால் அந்த ஒரு பாட்டுக்கு மெட்ரோனோம் கிளிக் போடாதீர்கள். ஒரே அறையில் எல்லோரும் நின்று ஒரே டேக். வேகம் ஏறி இறங்குவதை அப்புறம் கணினியில் "சரி" செய்யவும் கூடாது.

---

சின்னப்பாலம்_மகள்

அக்கா, ஆவுளியா வருமா? கடல் பசு.

---

உப்புக்காத்து

வரும். படித்துப் பார்த்ததில் ஆவுளியா கீச்சிடும், குரைக்கும், நடுங்குகிற குரலில் கூவும் என்று ஆய்வாளர்கள் பதிந்திருக்கிறார்கள். அதை வாயால் போலி செய்யப் போவதில்லை. பெரிய உடம்பு, மெல்ல மேய்கிற உயிர், மூச்சுக்கு மட்டும் மேலே வரும். கடற்புல் படுகை அழிந்தால் அதற்குச் சாப்பாடு கிடையாது. பாக் விரிகுடாவில் 2022-ல் 448 சதுர கிலோமீட்டரை அதற்கென்றே காப்பகமாக அறிவித்தார்கள். அந்தப் பாட்டு பேஸ் வாசிப்பவருடையது. வில்லால் வாசிப்பார், நான் பின்னால் நிற்பேன்.

அனுமதி, பணம் இரண்டும் கையில் வந்தால் கச்சான் காலத்தில் ஒரு முறை, வாடையில் ஒரு முறை பதிவு வைக்கலாம் என்று எண்ணம். இசைக்குழுவை முதலில் கடலுக்குக் கூட்டிவருகிறேன், அப்புறம்தான் ஸ்டுடியோ. அண்ணே, பேஸ் வாசிக்கிற பையன் கேரளாக்காரன், கரைவலையைத் தொட்டதில்லை. கயிறு பிடிக்க இடம் கொடுப்பீர்களா?

---

தங்கச்சிமடம்_நாட்டுப்படகு

கூட்டி வாருங்கள். காலை ஆறு மணிக்கு முன்னால் கரைக்கு வந்துவிட வேண்டும். முதல் நாள் சாயங்காலம் எனக்குத் தனிமடலில் சொல்லுங்கள், காற்றைப் பார்த்துவிட்டு எந்தக் கரை என்று சொல்கிறேன். பையனைக் கைக்கு ஏதாவது துணி சுற்றிக்கொள்ளச் சொல்லுங்கள், கயிறு உள்ளங்கையை அறுத்துவிடும். வாசிக்கிற கை.